நாற்பதில் ஜெயித்தால் ஊசிதானா?

ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே ஏற்காடு அடிவாரம் களைகட்டிவிடும். சைக்கிள்காரர்கள் டயரை அழுத்திக் காற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஓடுபவர்கள் டீக்கடை பெஞ்சில் காலைத் தூக்கி வைத்து ஷூ லேஸை இறுக்குவார்கள். நாற்பது, ஐம்பதைத் தாண்டியவர்கள் அதில் நிறையப் பேர். மேலே போக 20 கொண்டை ஊசி வளைவுகள். கல்லூரிப் பையன்கள் முதல் நாலைந்து வளைவைப் பறந்து கடப்பார்கள். அப்புறம் ஏதாவது ஒரு வளைவுச் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார்கள். அடிவாரத்தில் எந்த வேகத்தில் கிளம்பினாரோ அதே வேகத்தில் ஒரு நரைத்த தலைக்காரர் அவர்களைத் தாண்டிப் போவார். "மாமா என்னமோ போடறாரு போல மச்சி" என்று பின்னால் ஒரு குரல் கேட்கும்.

அங்கே அது கேலி. அதே பேச்சு, 35 வயதைத் தாண்டிய ஒருவர் உலகப் போட்டியில் ஜெயிக்கும்போது குற்றச்சாட்டாகிவிடுகிறது. "இந்த வயசுல இது எப்படிங்க முடியும்?" என்ற கேள்வியே தீர்ப்பும் ஆகிவிடுகிறது. கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் வயதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒருவரைத் திருடராக்குவது பெரிய அநியாயம். அப்படிச் செய்கிறபோது உண்மையில் மருந்து புழங்கும் இடத்தையும் நாம் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம்.

முதலில் உடம்பு. முப்பதைத் தாண்டினால், உடம்பு பயன்படுத்தக்கூடிய ஆக்ஸிஜனின் உச்ச அளவு குறையத் தொடங்குகிறது. உட்கார்ந்தே இருப்பவர்களுக்குப் பத்தாண்டுக்கு ஏறக்குறைய 10 சதவீதம். கடுமையான பயிற்சியை விடாமல் செய்பவர்களுக்கு அதில் பாதிதான் குறையும் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். இதயத் துடிப்பின் உச்சமும் வயதோடு இறங்கும். பயிற்சியால் அதைத் தடுக்க முடியாது. இதைவிட முக்கியமான இழப்பு தசையில் நடக்கிறது. சட்டென்று சுருங்கி வேகம் தரும் நார்கள்தான் முதலில் போகும். நிதானமாக, நீண்ட நேரம் வேலை செய்யும் நார்கள் அவ்வளவு சீக்கிரம் போவதில்லை.

ஏற்காட்டு மலையில் பையன்கள் தோற்பதும் இதனால்தான். 280 மீட்டர் உயரத்திலுள்ள சேலத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல் உயரத்திலுள்ள ஏற்காட்டுக்கு ஏறுவதற்கு வெடிக்கும் வேகம் தேவையில்லை. ஒரே சீராக ஆக்ஸிஜனைச் செலவு செய்யத் தெரிந்தால் போதும். அதை இருபது வருட அனுபவம் சொல்லிக்கொடுக்கும். அதே நரைத்த தலைக்காரரைச் சேலம் காந்தி ஸ்டேடியத்தில் 100 மீட்டர் ஓடச் சொன்னால், எந்தப் பையனும் அவரை ஜெயித்துவிடுவான்.

ஆகவே எந்த விளையாட்டு என்று பார்க்காமல் வயதைப் பற்றிப் பேசிப் பயனில்லை. சென்னையின் சரத் கமல் 2006 மெல்போர்ன் காமன்வெல்த் போட்டியில் டேபிள் டென்னிஸ் ஒற்றையர் தங்கம் வென்றார். 16 வருடம் கழித்து 2022-இல் பர்மிங்காமில் 40 வயதில் அதே தங்கத்தை மறுபடி வென்றார். குடகு மண்ணின் ரோகன் போபண்ணா 43 வயதில், 2024-இல், ஆஸ்திரேலிய ஓபன் இரட்டையர் பட்டம் வென்றார். பந்து எங்கே வரும் என்பதை முன்கூட்டியே படிக்கும் கண்ணும், வீணாக ஓடாத காலும் வயதோடு கூர்மையாகிற விளையாட்டுகள் அவை. அங்கே 40 என்பது அதிசயமே தவிர மர்மம் இல்லை. 100 மீட்டரில் அப்படிச் சொல்லிவிட முடியாது.

இப்போது சந்தேகத்தின் பக்கத்துக்கு வருவோம். ஊக்கமருந்து என்றால் போட்டிக்கு முன் ஊசி போட்டதும் புயலாய்ப் பறப்பது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஸ்டீராய்டுகள் உண்மையில் கொடுப்பது மீட்சியை. திங்கட்கிழமை கடும் பயிற்சி செய்தவர் செவ்வாய்க்கிழமையும் அதையே செய்யலாம்; கிழிந்த தசை சீக்கிரம் ஒட்டும். இருபது வயதுக்காரருக்கு இது உடம்பே தருவது. முப்பத்தைந்து வயதுக்காரருக்கு அதுதான் குறைந்துகொண்டே வருகிறது. ஆண்களின் டெஸ்டோஸ்டிரோன் முப்பதுகளிலிருந்தே மெல்ல இறங்குகிறது. வயது எதைப் பறிக்கிறதோ அதையே மருந்து திருப்பிக் கொடுக்கிறது. வயதான வீரருக்கு ஆசை அதிகம் இருக்கும் என்று ஊகிப்பது இதனால் முட்டாள்தனம் இல்லை. உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையான வாடாவுக்கும் இது தெரியும். நோயுள்ள வீரர்கள் தடைசெய்த மருந்தை எடுத்துக்கொள்ள அதன் விதிகளில் மருத்துவ விலக்கு உண்டு. ஆனால் வயதால் வரும் டெஸ்டோஸ்டிரோன் குறைவை மட்டும் காரணமாகக் காட்டினால் விலக்கு கிடைக்காது.

சரித்திரமும் சந்தேகத்துக்குத் தீனி போட்டிருக்கிறது. 1992 பார்சிலோனாவில் 32 வயதில் 100 மீட்டர் தங்கம் வென்ற லின்ஃபோர்ட் கிறிஸ்டி, 38 வயதில் 1999-இல் நாண்ட்ரோலோன் ஸ்டீராய்டில் சிக்கினார். அமெரிக்க ஓட்டக்காரர் ஜஸ்டின் கேட்லின் 2017-இல் லண்டனில் 35 வயதில் உசைன் போல்ட்டைத் தோற்கடித்து உலக சாம்பியன் ஆனபோது, மைதானமே அவரைப் பார்த்துக் கூச்சலிட்டது. அதற்கு முன் இரண்டு முறை ஊக்கமருந்து வழக்கில் தடை பெற்றவர் அவர். இரண்டாவது, 2006-இல் டெஸ்டோஸ்டிரோனுக்காக. அவருடைய நேரங்களை வரிசையாக வைத்தால் ஒரு உறுத்தல் இருக்கிறது: 2004 ஒலிம்பிக்கில் 22 வயதில் 9.85 விநாடி, 2015-இல் 33 வயதில் 9.74. தடைக்குப் பிறகு அவர் எடுத்ததாக எந்த ஆதாரமும் இல்லை. ஆனால் பழைய மருந்தின் பலன் தடைக்காலம் முடிந்த பிறகும் மிஞ்சுமா என்ற கேள்வி விஞ்ஞானிகளிடமே இருக்கிறது. ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் எலிகளை வைத்துச் செய்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்டீராய்டால் தசை நாரில் கூடுதலாகச் சேர்ந்த உட்கருக்கள் மருந்தை நிறுத்தி வெகுகாலம் கழித்தும் அங்கேயே இருந்தன. மறுபடி பயிற்சி கொடுத்ததும் அந்தத் தசை வேகமாகப் பெருத்தது. எலியில் கண்டதை மனிதருக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனால் கேட்லினைப் பார்த்துக் கூச்சலிட்ட கூட்டத்தின் கோபத்துக்கு இப்படி ஒரு அடிப்படையும் உண்டு.

இதே வாயோடு நாம் மெர்லின் ஓட்டியின் கதையையும் பேச வேண்டும். வயதை வைத்துத் தீர்ப்புச் சொல்கிறவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது.

ஜமைக்காவின் ஓட்டி 1980 மாஸ்கோவிலிருந்து ஒலிம்பிக் ஓடி வந்தவர். 1999-இல், 39 வயதில், நாண்ட்ரோலோன் இருப்பதாகச் சொல்லி அவரைத் தள்ளிவைத்தார்கள். "அதானே பார்த்தேன்" என்று உலகம் தலையாட்டியது. அவர் போராடினார். 2000-இல் தடை நீங்கியது. சிட்னி ஒலிம்பிக்குக்கு ஜமைக்கா அவரைச் சேர்த்தபோது, இளம் ஓட்டக்காரி ஒருவரின் இடத்தைப் பறித்துவிட்டார் என்று சக வீரர்களே விளையாட்டுக் கிராமத்தில் போராட்டம் செய்தார்கள். அந்த அவமானத்தையும் சுமந்துகொண்டு 40 வயதில் 100 மீட்டர் இறுதியில் ஓடினார். நூறில் ஒரு விநாடியில் வெண்கலத்தைத் தவறவிட்டு நான்காவதாக வந்தார். தொடர் ஓட்டத்தில் கடைசிக் கட்டத்தை ஓடி ஜமைக்காவுக்கு வெள்ளி பெற்றுத் தந்தார்.

அந்த 100 மீட்டரில் தங்கம் வென்றது 24 வயது மரியன் ஜோன்ஸ். வெள்ளி, கிரீஸின் 25 வயது கேத்தரினா தானு. அந்த இரண்டு பேரின் வயதைப் பார்த்து யாரும் புருவம் உயர்த்தவில்லை. தானு 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்கு முன் பரிசோதனைக்கு வராமல் போய் விலக நேர்ந்தது. ஜோன்ஸ் 2007-இல் ஊக்கமருந்து எடுத்ததை ஒப்புக்கொண்டு பதக்கங்களை இழந்தார். 2009-இல் ஒலிம்பிக் கமிட்டி பதக்கங்களைத் திருத்தியபோது தங்கத்தை யாருக்கும் தரவில்லை. தானுவுக்கு அதைக் கொடுக்க அவர்களுக்கே மனம் வரவில்லை. ஓட்டிக்கு வெண்கலம் வந்தது. ஊரே சந்தேகப்பட்ட நாற்பது வயதுக்காரி விடுவிக்கப்பட்டவர்; ஊர் கொண்டாடிய இருபத்துநாலு வயதுக்காரி எடுத்தவர். இதற்கு மேல் என்ன உதாரணம் வேண்டும்?

சரி, வயது இல்லையென்றால் வேறு எதைப் பார்ப்பது? ஒருவரின் வருடக் கணக்கான வரைகோட்டைப் பார்க்க வேண்டும்.

செயின்ட் கிட்ஸ் தீவின் கிம் காலின்ஸ் 2016-இல் 40 வயதில் 100 மீட்டரை 9.93 விநாடியில் ஓடினார். நாற்பதில் 10 விநாடிக்குள் ஓடிய முதல் மனிதர். அதுவே அவர் வாழ்நாள் சிறப்பு நேரமும். கேட்டவுடன் நம்ப முடியாது. ஆனால் 2002-இல் அவர் ஓடியது 9.98, 2003-இல் உலக சாம்பியன். பதினான்கு வருடத்தில் அவர் முன்னேறியது 0.05 விநாடி. எலியுட் கிப்சோகே 37 வயதில் பெர்லினில் 2 மணி 1 நிமிடம் 9 விநாடியில் மாரத்தான் உலக சாதனை படைத்தார். அவர் 18 வயதில், 2003-இல், 5,000 மீட்டர் உலக சாம்பியன். நடுவில் காணாமல் போய்த் திடீரென்று வந்து குதித்தவர் இல்லை. நம் சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவின் மூன்று பாராலிம்பிக் உயரம் தாண்டுதல் பதக்க உயரங்களை வைத்துப் பாருங்கள்: ரியோவில் 1.89 மீட்டர், டோக்கியோவில் 1.86, பாரிஸில் 1.85. எட்டு வருடத்துக்கு நான்கு சென்டிமீட்டர். நீண்ட காலம் உச்சத்தில் இருப்பவர்களின் கோடு இப்படித்தான் மெல்ல வளையும். முப்பது வயதுவரை சாதாரணமாக ஓடிய ஒருவர் ஒரே வருடத்தில் உலக வரிசைக்கு வந்தால், அப்போது கேள்வி கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

ஒரு வீரரின் இரத்த, சிறுநீர் அளவுகளை வருடக் கணக்கில் பதிந்துவைக்கும் வாடாவின் உயிரியல் பாஸ்போர்ட்டும் இதே யோசனையில்தான் இயங்குகிறது. இரத்தத்துக்கான விதிமுறை 2009-இல் வந்தது. ஸ்டீராய்டுக்கானது 2014-இல் சேர்ந்தது. இதில் யாரையும் பொதுச் சராசரியோடு ஒப்பிடுவதில்லை. அவரவர் பழைய அளவுகளோடு ஒப்பிடுகிறார்கள். ஈ.பி.ஓ. ஹார்மோனை ஊசியாகப் போட்டுச் சிவப்பணுவைப் பெருக்கியவர் மருந்தை நிறுத்தியதும், உடம்பு "போதும்" என்று புதுச் சிவப்பணு உற்பத்தியைக் குறைத்துவிடும். ஹீமோகுளோபின் உயரே நிற்கும், இளம் சிவப்பணு குறைந்திருக்கும். மருந்து உடம்பைவிட்டுப் போன பிறகும் இந்தப் பொருத்தமின்மை காட்டிக்கொடுக்கும். மலையில் பயிற்சி செய்தாலும் சிவப்பணு கூடும்தான். ஆனால் அதற்கு ஏற்காடு உயரம் போதாது. 2,000 மீட்டருக்கு மேல் வேண்டும். ஊட்டி 2,240, கென்யாவின் இட்டென் 2,400. எந்த உயரத்தில் எத்தனை நாள் தங்கினார் என்பதையும் மாதிரி எடுக்கும்போது குறித்துக்கொள்வார்கள். டெஸ்டோஸ்டிரோனுக்கு வேறொரு வழி: மருந்துக் கம்பெனிகள் அதைச் சோயா போன்ற தாவரங்களிலிருந்து தயாரிப்பதால், அதிலுள்ள கார்பன் வகைகளின் விகிதம் உடம்பு சுரப்பதிலிருந்து வேறுபடும். சிறுநீரில் அதைப் பிரித்தறிய முடியும்.

இத்தனை இருந்தும், மாட்டவில்லை என்பதால் ஒருவர் சுத்தம் என்று ஆகிவிடாது. பின்னாளில் ஊக்கமருந்து எடுத்ததை ஒப்புக்கொண்ட சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் பல வருடம் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கமும் இதே சிக்கல். 2003-இல் ஓட்டக்காரர் பெர்னார்ட் லகாட்டின் முதல் மாதிரியில் ஈ.பி.ஓ. இருப்பதாக வந்தது, இரண்டாவது மாதிரியில் இல்லை. 2006-இல் மரியன் ஜோன்ஸுக்கும் அச்சு அசலாக அதேதான். ஜோன்ஸ் மறு வருடமே வேறு மருந்துகள் எடுத்ததை ஒப்புக்கொண்டார். லகாட் விடுவிக்கப்பட்டு, 2016 ரியோவில் 41 வயதில் 5,000 மீட்டரில் ஐந்தாவதாக வந்தார். ஒரே ஆய்வக முடிவு, இரண்டு வேறு வாழ்க்கை.

அப்படியானால் சுத்தமான ஒரு மூத்த வீரர் தன்னை எப்படித்தான் நிரூபிப்பது? 2008 பெய்ஜிங்கில் 41 வயதில் மூன்று வெள்ளி வென்ற நீச்சல் வீராங்கனை டாரா டோரஸ், போட்டிக்கு முன்பே வழக்கத்தைவிடக் கூடுதல் இரத்த, சிறுநீர்ப் பரிசோதனைகளுக்குத் தானாகப் பெயர் கொடுத்தார். 2013-இல் 41 வயதில் ஸ்பெயின் நாட்டு வூவெல்ட்டா சைக்கிள் போட்டியை வென்ற கிறிஸ் ஹார்னர், தன் பாஸ்போர்ட் அளவுகளை அப்படியே வெளியிட்டார். அதற்கும் ஆளாளுக்கு ஒரு பொருள் சொன்னார்கள். இல்லாத ஒன்றை இல்லை என்று நிரூபிக்கும் கொடுமை இது. டோரஸ் செய்ததற்கு மேல் ஒருவரிடம் எதிர்பார்ப்பது நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை.

நம் ஊரில் இந்தச் சந்தேகம் இவ்வளவு எளிதாக வருவதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. முப்பதைத் தாண்டிய வீரரை நாம் பக்கத்தில் பார்த்ததே குறைவு. சேலம் மாவட்டத்தில் பள்ளி, கல்லூரி அளவில் நன்றாக ஓடிய பிள்ளைகள் என்ன ஆகிறார்கள்? ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வேயிலோ போலீஸிலோ வேலை கிடைத்தால் கொஞ்ச நாள் ஓடுவார்கள். கிடைக்காவிட்டால் ஜவுளிக் கடை, லாரி ஆபீஸ், பெண்ணென்றால் கல்யாணம். இருபத்தைந்துக்குள் ஸ்பைக்ஸ் ஷூ பரணுக்குப் போய்விடும். அதைப் பார்த்துப் பார்த்து, உடம்பே இருபத்தைந்தில் முடிந்துவிடுகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். முடிந்தது காசு. வெளிநாட்டிலும் ஒலிம்பிக் வீரர்கள் பணம் வாங்கக் கூடாது என்ற விதி இருந்த காலத்தில் இதே கதைதான். பட்டம் வாங்கியதும் வேலைக்குப் போனார்கள். ஸ்பான்சர் பணமும், தனி பிசியோதெரபிஸ்ட்டும், நல்ல ஷூவும் வந்த பிறகுதான் முப்பத்தைந்தில் ஒரு உடம்பால் என்ன முடியும் என்பதே உலகத்துக்குத் தெரிந்தது.

மருந்து புழங்குவதும் பெரும்பாலும் இதே வேலை நெருக்கடியில் சிக்கிய இளம் பருவத்தில்தான். 2023-இல் இந்தியாவின் ஊக்கமருந்து தடுப்பு அமைப்பான நாடா 5,606 மாதிரிகள் எடுத்தது. 213-இல் தடைசெய்த பொருள் இருந்தது. அதாவது 3.8 சதவீதம், பெரிய அளவில் பரிசோதனை நடத்தும் நாடுகளில் மிக அதிகம். அதே வருடம் செப்டம்பரில் டெல்லி மாநிலத் தடகளப் போட்டிக்கு நாடா அதிகாரிகள் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும், ஆண்கள் 100 மீட்டர் இறுதியில் ஒரே ஒருவர்தான் ஓட வந்தார். ஸ்டேடியக் கழிப்பறையில் பயன்படுத்திய சிரிஞ்சுகள் கிடந்தன. அங்கே ஓடாமல் ஒதுங்கியவர்கள் நாற்பது வயதுக்காரர்கள் இல்லை. மாநிலப் பதக்கம் கிடைத்தால் வேலைக்கு மனுப் போடலாம் என்று காத்திருக்கும் பிள்ளைகள். ஜிம்மில் யாரோ ஒரு அண்ணன் பவுடர் டப்பாவோடு சேர்த்து ஊசியையும் நீட்டும்போது, வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்குத் துணையாக யாரும் இல்லை. மருந்தைத் தடுக்க வேண்டுமானால் அங்கேதான் தொடங்க வேண்டும். ஏற்காடு ரோட்டில் ஓடும் மாமாவை முறைத்துப் பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஆனால் அந்த மாமாவுக்கு வேறொரு ஆபத்து இருக்கிறது. அதை யாரும் அவரிடம் சொல்வதில்லை.

மூத்தோர் தடகளம் 35 வயதிலிருந்து தொடங்குகிறது. அதற்கும் வாடாவின் தடைப்பட்டியல்தான். விதி கடுமையானது: உடம்பில் இருந்தால் பொறுப்பு வீரருடையது, எப்படி வந்தது என்பது தண்டனையைக் குறைக்கலாம், வழக்கை இல்லாமல் ஆக்காது. 2018-இல் அமெரிக்காவில் 90 வயது சைக்கிள் வீரர் ஒருவரின் மாதிரியில் ஸ்டீராய்டுச் சுவடு வந்தது. முந்தின இரவு சாப்பிட்ட இறைச்சியிலிருந்து வந்திருக்கலாம் என்று அந்நாட்டு ஊக்கமருந்து தடுப்பு முகமையே ஏற்றுக்கொண்டு, எச்சரிக்கையோடு விட்டது. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் 15 வயது ரஷ்யச் சறுக்கு வீராங்கனை கமிலா வலியேவாவின் வழக்கில் பேசப்பட்டது டிரைமெட்டாசிடின், அதாவது நெஞ்சுவலிக்காரர்களுக்கு எழுதித் தரும் மாத்திரை. தாத்தாவின் மருந்து கலந்துவிட்டது என்றார்கள். தீர்ப்பாயம் ஏற்காமல் நான்கு வருடத் தடை விதித்தது. அந்த மாத்திரை நம் மெடிக்கல் ஷாப்புகளிலும் சாதாரணமாகக் கிடைப்பது. சேலத்தில் நெஞ்சுவலிக்கு அதைச் சாப்பிட்டுக்கொண்டே மூத்தோர் போட்டியில் நடையோட்டம் போகிறவர் இருந்தால், அவருக்கும் அதே விதிதான்.

பி.பி. மாத்திரையில் இது இன்னும் சுலபமாக நடக்கும். டெல்மிசார்டான் தடைப்பட்டியலில் இல்லை. அதே மாத்திரையின் பெயருக்குப் பின்னால் பட்டையில் 'எச்' என்று ஒரு எழுத்து சேர்ந்திருந்தால், உள்ளே ஹைட்ரோகுளோரோதயசைடு இருக்கிறது என்று அர்த்தம். சிறுநீரைப் பெருக்கி இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மருந்து அது. சிறுநீர் நீர்த்துப்போனால் மற்ற மருந்துகளின் சுவடு மறையும் என்பதால், போட்டி நாளில் மட்டுமல்ல, எல்லா நாளும் தடை. மாரத்தானில் 2 மணி 10 நிமிடத்துக்குள் ஓடிய முதல் பெண்ணான கென்யாவின் ரூத் செப்ங்கெடிச் 2025-இல் மூன்று வருடத் தடை பெற்றது இதே மருந்துக்குத்தான். வீட்டு வேலைக்காரரின் மாத்திரையை வாங்கிப் போட்டேன் என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை.

இன்சுலின் போடுகிறவர்கள், ஆஸ்துமாவுக்கு பிரெட்னிசலோன் விழுங்குகிறவர்கள், டெர்பூட்டலின் கலந்த இருமல் சிரப் குடிக்கிறவர்கள் என எல்லோரும் இந்த வலைக்குள் வருவார்கள். 2024 ஜனவரியிலிருந்து போட்டி நாளில் டிரமடால் வலி மாத்திரையும் தடை. இவற்றுக்கு வழி இருக்கிறது. உண்மையான நோய்க்கு, வேறு மருந்து இல்லையென்றால், மருத்துவச் சான்றுகளோடு விலக்குக்கு விண்ணப்பிக்கலாம். இன்சுலினுக்கு அதுதான் வழி. பி.பி.க்கு அவ்வளவு தூரம் போகவே வேண்டாம். மூத்தோர் போட்டிக்குப் பெயர் கொடுக்கிறவர் தான் சாப்பிடும் அத்தனை பட்டையையும் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டி, போட்டி விஷயத்தைச் சொன்னால், 'எச்' இல்லாத டெல்மிசார்டானோ அம்லோடிபினோ எழுதித் தருவார். நாடாவின் 'நோ யுவர் மெடிசின்' (Know Your Medicine) செயலியில் மருந்தின் பெயரைப் போட்டுப் பார்த்தாலும் தடை உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும்.